புயல்களை இனங்கண்ட வரலாறு

முகலாயப் பேரரசின் நிலவரியையும் நிர்வாகத்தையும் கணக்கிட்டு எழுதப்பட்ட ‘ஆயினே அக்பரி’யில், வங்காளச் சுபாவைப் பற்றிய பகுதியில், அபுல் ஃபஸ்ல் ஒரு பேரழிவைச் சில வரிகளில் பதிந்து வைத்துள்ளார். அக்பரின் 29ஆம் ஆட்சியாண்டு; கிறித்துவக் கணக்கில் 1584-85. கடலோரத்துப் பாக்லா சர்க்காரில் ஒருநாள் பிற்பகல் மூன்று மணியளவில் கடல் ஊருக்குள் ஏறியது. விருந்தொன்றில் இருந்த அரசர் படகில் ஏறிக்கொண்டார். அவர் மகன் பர்மானந்த் ராய் சிலரோடு கோயிலொன்றின் உச்சிக்கு ஏறினார். வணிகர் உயரமான இடமொன்றில் அடைக்கலம் புகுந்தனர். நாலரை மணி நேரம் இடியும் கடுங்காற்றுமாகக் கடல் கொந்தளித்தது. வீடுகளும் படகுகளும் மூழ்கின, கோயில் தப்பியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் உயிர்கள் மடிந்தன என்று எழுதிவிட்டு, அபுல் ஃபஸ்ல் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

பாக்லா என்பது இன்றைய வங்கதேசத்தின் பரிசால் வட்டாரம். அங்கே அன்று வீசியது எவ்வகைப் புயல்? அந்தக் குறிப்பில் இடி இருக்கிறது, காற்று இருக்கிறது, வெள்ளமும் இருக்கிறது. இம்மூன்றும் ஒன்றுக்கு மேற்பட்ட புயல்களுக்கு உரியவை. பழைய ஏடுகளைப் படிப்போருக்கு இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. ஏட்டைப் படிப்போருக்கு மட்டுமல்ல, கடலிலும் கடலோரத்திலும் வாழ்வோருக்கும் அது உயிர்க் கேள்வி. ஒரு புயலில் கரைக்கு ஓடிவருவது அறிவுடைமை. மற்றொன்றில் கரையைவிட்டு உள்நாட்டுக்கு ஓடுவதே அறிவுடைமை. ஒன்று அரைமணியில் அடங்கிவிடும். மற்றொன்று அடங்கிவிட்டதுபோல் காட்டி மறுபடியும் எழும். இந்த வேறுபாடுகளை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதை இக்கட்டுரையில் நாம் பார்க்க முற்படுகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். குழப்பத்தின் பாதி அவற்றில்தான் இருக்கிறது. நாம் இன்று கடும்புயலைக் குறிக்க வழங்கும் ‘தூஃபான்’ என்ற சொல், அல்குர்ஆனில் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று நபி நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தாரைச் சூழ்ந்த வெள்ளம். மற்றொன்று ஃபிர்அவ்னின் மக்கள்மீது வந்த சோதனைகளுள் ஒன்று. அரபியில் அதன் முதற்பொருள் எல்லாவற்றையும் சூழ்ந்துகொள்ளும் வெள்ளமே. அச்சொல் பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் வந்தபோது காற்றின் பக்கம் சாய்ந்தது. போர்த்துகீசியர் இந்துமாக்கடலில் அதைக் கேட்டுத் தம் மொழிக்கு எடுத்துச் சென்றனர். அங்கிருந்து ஆங்கிலத்தின் ‘டைஃபூன்’ உருவாயிற்று. கிரேக்கத்தின் ‘டைஃபோன்’, சீனத்தின் ‘பெருங்காற்று’ என்னும் சொற்களும் இதில் கலந்திருப்பதாக மொழியறிஞர் வாதிடுகின்றனர். எப்படியாயினும், வெள்ளத்தின் பெயர் காற்றின் பெயரானது தற்செயல் அன்று. வங்கக் கரையில் அவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன.

காற்றைப் பொறுத்தவரையில் அரபுமொழி சிக்கனம் காட்டவில்லை. அல்குர்ஆனில் மட்டுமே எத்தனை பெயர்கள்! ஆது கூட்டத்தாரை ஏழு இரவும் எட்டுப் பகலும் அழித்த காற்று ‘ஸர்ஸர்’. கடுங்குளிரையும் பேரிரைச்சலையும் ஒருங்கே சுட்டும் சொல் அது. கப்பலில் செல்வோரை நல்ல காற்றுக்குப் பின் திடீரெனத் தாக்குவது ‘ஆஸிஃப்’. கடலில் மரக்கலத்தை முறித்தெறிவது ‘காஸிஃப்’. முறித்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். தரையில் பொடிக்கற்களை வாரி வீசுவது ‘ஹாஸிப்’. நெருப்போடு வந்து தோட்டத்தைச் சுட்டெரிப்பது ‘இஃஸார்’. இச்சொற்களை விளக்கவந்த அகராதியாசிரியர்கள் இஃஸாரைப் புழுதியைக் கிளப்பித் தூண்போல் வானுக்கு எழும் காற்று என்றனர். அதற்கு நெருங்கிய மற்றொரு சொல் ‘ஸவ்பஆ’, தன்னைத் தானே சுற்றிச் சுழலும் காற்று. இப்னு சீனா தம் ‘ஷிஃபா’வின் வானியல் நிகழ்வுகள் பற்றிய பகுதியில் ஸவ்பஆ பிறக்கும் விதத்தை அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி ஆராய்ந்தார். மேலிருந்து இறங்குவது, கீழிருந்து எழுவது என்று இருவகையாகவும் அதைப் பிரித்தார்.

இந்த நுட்பம் பிற்காலத்தில் சற்றே மங்கிப்போனதை இங்குச் சொல்லியாக வேண்டும். இன்றைய அரபு நாளிதழ்கள் பல நூறு கிலோமீட்டர் அகன்ற கடற்புயலையும் இஃஸார் என்கின்றன; சில நூறு மீட்டர் அகலத்தில் ஊரைக் கிழித்துச் செல்லும் சுழல்தூணையும் இஃஸார் என்றே சொல்லிப் புனல் வடிவத்தது என்ற அடைமொழியைச் சேர்க்கின்றன. நம் தமிழ் நாளிதழ்களின் நிலையும் இதுவே. ‘சூறாவளி’ அமெரிக்காவில் வீசினால் டொர்னேடோ, வங்கக்கடலில் வீசினால் புயல். ‘புயல்’ என்ற சொல்லோ பழந்தமிழில் மழைமுகிலையே குறித்தது. காற்றாக மாறியது பின்னர்.

மாலுமிகளுக்கு இத்தகைய தாராளம் கட்டுப்படியாகவில்லை. ‘மாலுமி’ என்ற நம் சொல்லே ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் தமிழ் உருவம். கற்பிப்பவர், அறிந்தவர் என்பது அதன் பொருள். கப்பலுக்கு உடையவர் நாகுதா; வழி அறிந்தவர் முஅல்லிம். அவர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் தலையாயது காற்று. ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜுல்ஃபாரைச் சேர்ந்த இப்னு மாஜித், கடலியல் குறித்த தம் பெருநூலில், எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் புறப்பட வேண்டும் என்பதை நைரூஸ் புத்தாண்டிலிருந்து நாள் எண்ணி வகுத்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில் ஷிஹ்ர் ஊரின் சுலைமான் அல்மஹ்ரியும் அவ்வாறே செய்தார். பயணத்துக்குரிய அந்தப் பருவத்துக்கு ‘மவ்ஸிம்’ என்று பெயர். ‘மான்சூன்’ அதிலிருந்து பிறந்ததே. தென்மேற்குக் காற்றின் உச்சத்தில் மேற்குக்கரைத் துறைகளில் கலம் செலுத்துவதை விட்டுவிட்டனர். அதைக் கடல் மூடியிருக்கும் காலம் என்றே குறித்தனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மவ்ஸிம் காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் அது புயல் அன்று. அது வரும் நாள் தெரியும், திசை தெரியும், போகும் நாளும் தெரியும். பருவத்துக்கும் திசைக்கும் மாறாக எழுவதே மாலுமியை அச்சுறுத்தியது. கணக்கில் அடங்கும் காற்றையும் அடங்காத காற்றையும் பிரித்துக் காண்பதே புயல்களை இனங்காணும் கலையின் முதற்பாடமாக இருந்தது.

ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட சீன, இந்தியச் செய்திகள் பற்றிய அரபு நூலில் ஓர் அரிய காட்சி உள்ளது. கடலின்மேல் வெண்முகில் ஒன்று தோன்றிக் கப்பல்களுக்கு நிழலிடுகிறது. அதிலிருந்து நீண்டு மெலிந்த நாவொன்று இறங்கிக் கடலைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் நீர் ஸவ்பஆவைப்போல் கொதித்தெழுகிறது. அந்த நா கப்பலைத் தொட்டால் கப்பலை விழுங்கிவிடும். இன்றைய வானிலை நூலில் நீர்ச்சுழல் தூணைப் பற்றி எழுதுபவரும் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியாது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் ‘முரூஜுத் தஹப்’ எழுதிய அல்மஸ்ஊதி, ஷாம் கடலோர மக்கள் ‘தின்னீன்’ என்று, அதாவது கடல்நாகம் என்று அஞ்சிய ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். கடலின் அடியிலிருந்து எழுந்து மேகத்தோடு சேரும் கருங்காற்றே அது, ஸவ்பஆ போன்றதே என்று கருதுவோரும் உண்டு எனப் பிற கருத்துகளோடு இதையும் பதிகிறார். நாகமா காற்றா என்ற அந்த விவாதம் பத்தாம் நூற்றாண்டிலேயே நடந்திருப்பதைக் காண நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

அதே காலத்தில் புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் தொகுத்த ‘அஜாயிபுல் ஹிந்த்’ நூலில் வரும் அப்ஹராவின் கதையை இங்கு விரித்துச் சொல்லலாம். அப்ஹரா கிர்மானில் ஆடு மேய்த்தவர். பிறகு மீன் பிடித்தவர். பிறகு சீனம் வரை பலமுறை கலம் செலுத்திய பெயர்பெற்ற தலைவர். சீனக் கடலில் சென்ற ஒரு கப்பலின் தலைவர், அமைதியான நீரில் சிறு படகொன்றில் தண்ணீர்த் துருத்தியோடு தனியே அமர்ந்திருக்கும் அப்ஹராவைக் காண்கிறார். கப்பலுக்கு வரும்படி அழைக்க, அப்ஹரா மறுக்கிறார். உங்கள் நிலை என் நிலையைவிட மோசம் என்கிறார். தமக்குத் தலைமையும் ஆயிரம் தீனாரும் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே கப்பலில் ஏறுகிறார். ஏறியதும் கனத்த சரக்கைக் கடலில் கொட்டச் செய்கிறார்; பெரிய பாய்மரத்தை வெட்டுவிக்கிறார்; நங்கூரக் கயிறுகளை அறுப்பிக்கிறார். கடலோ அமைதியாகவே இருக்கிறது. மூன்றாம் நாள் மினாராபோல் ஒரு முகில் எழுந்து கரைகிறது. அதன்பின் வந்த பெரும்புயல் மூன்று பகலும் மூன்று இரவும் அவர்களை ஆட்டிப்படைக்கிறது. பாரமும் பாய்மரமும் அற்ற கலம் தக்கைபோல் மிதந்து தப்புகிறது.

கதையில் மிகை இருக்கலாம். மாலுமிகளின் கதைகளில் அது இல்லாமலிராது. ஆயினும் மூன்று நாள் நீடித்த புயல் என்பது குறிப்பிடத்தக்கது. ஆழ்கடலில் மூன்று நாள் நீடிப்பது இடிமழைக் காற்றாக இருக்க இயலாது. அது பெருஞ்சுழலே. வந்தபின் செய்யத்தக்கது எதுவுமில்லை, வருமுன் செய்தாக வேண்டும் என்பதை அப்ஹரா அறிந்திருந்தார். அறிந்தவர் இல்லாத கப்பலின் கதிக்கு இப்னு பதூதாவே சாட்சி. இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரைக்கு வந்தபோது காற்று கடுமையாகிக் கலத்தில் நீர் புகுந்ததையும், வழி அறிந்த தலைவர் தம்மோடு இல்லாததையும் அவர் எழுதியிருக்கிறார். கலம் ஆழமற்ற கடலில் தட்ட, பாய்மரத்தை வெட்டவேண்டியதாயிற்று.

மற்றொரு நிகழ்ச்சி 1503 மே மாதத்தில் ஓமானின் தென்கரைக்கு அப்பால் குரியா முரியாத் தீவுகளில் நடந்தது. வாஸ்கோ ட காமா விட்டுச்சென்ற படைக்கலங்களோடு விசென்தே சொத்ரே அங்கே தங்கியிருந்தார். வடக்கிலிருந்து கொடுங்காற்று வரப்போகிறது, தீவின் தென்புறம் சென்றுவிடுங்கள் என்று அரபு மீனவர் எச்சரித்தனர். சிறிய கலங்கள் இடம்மாறின. தம் இரும்பு நங்கூரத்தை நம்பிய சொத்ரே மாறவில்லை. காற்று வந்தது, ‘எஸ்மெரால்டா’, ‘சாவோ பெத்ரோ’ என்னும் இரு கப்பல்களும் பாறையில் மோதி உடைந்தன. 2013 முதல் நடந்த கடலடி அகழாய்வில் ஒரு சிதைவின் பீரங்கிக் குண்டுகளும் நாணயங்களும் வெளிவந்தன. அது எஸ்மெரால்டாவாகவே இருக்கக்கூடும் என்று 2016இல் அறிவித்தனர். கோடைப் பருவக் காற்று தெற்கிலிருந்து தொடங்கவேண்டிய மாதத்தில் வடக்கிலிருந்து பலமாக ஒரு காற்று வருமெனில், கணக்கில் அடங்காத ஒன்று வெளிக்கடலில் சுழல்கிறது என்று கருதுவதற்கு இடமுண்டு. அரபிக்கடலில் புயல் எழும் இரு பருவங்களுள் அது ஒன்று. 2007 ஜூன் தொடக்கத்தில் ஓமானைத் தாக்கிய கோனுவும் அப்பருவத்ததே.

இனி வங்காளத்துக்குத் திரும்புவோம். உலக வானிலை அமைப்பு 2017இல் வெளியிட்ட பட்டியலில், வரலாற்றுப் பதிவுகளில் மிகுதியான உயிர்களைப் பறித்த புயலாக 1970 நவம்பர் 12-13இல் வங்கக் கரையைத் தாக்கிய கடற்புயல் இடம்பெற்றுள்ளது. குறைந்த மதிப்பீட்டிலும் மூன்று இலட்சம் பேர் இறந்தனர். மிகுதியான உயிர்களைப் பறித்த டொர்னேடோவும் வங்காளத்ததே: 1989 ஏப்ரல் 26, மாணிக்கஞ்ச் மாவட்டம், ஏறத்தாழ 1,300 பேர். மிகுதியான உயிர்களைப் பறித்த ஆலங்கட்டி மழையோ கங்கைச் சமவெளியின் மேற்கே, முராதாபாத்தில், 1888 ஏப்ரல் 30இல் பெய்தது, 246 பேர். மூன்று வெவ்வேறு புயல்களின் கொடுமுடிகளும் வட இந்தியத் துணைக்கண்டத்தில் நிகழ்ந்துள்ளன. ஆகவே புயல்களைப் பிரித்தறியக் கற்பதற்கு இந்நிலத்தைவிடத் தக்க பள்ளி வேறில்லை.

நம் சித்திரையோடு ஒத்த ‘பைசாக்’ மாதத்தில் பிற்பகலில் வடமேற்கு வானம் கறுக்கிறது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தின் வெப்பத்தில் எழுந்த இடிமுகில்கள் வரிசையாகத் திரண்டு வருகின்றன. காற்று ஒரு கணம் நின்றுபோகிறது. பிறகு குளிர்ந்த பெருங்காற்று வடமேற்கிலிருந்து அறைந்தாற்போல் வந்து விழுகிறது. இடி, மின்னல், ஆலங்கட்டி, மழை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து வானம் தெளிகிறது. இதுவே ‘கால்பைசாகி’. இதில் காற்று வட்டமாகச் சுழல்வதில்லை. முகிலுக்குள் மழையால் குளிர்ந்து கனத்த காற்று கீழே விழுந்து தரையில் மோதிப் பரவுகிறது. இதே இயக்கம் வறண்ட மண்ணின்மேல் நிகழ்ந்தால் புழுதி மதில்போல் எழுகிறது. சூடானியர் அதை ‘ஹபூப்’ என்றனர். வட இந்தியாவில் அது ‘ஆந்தி’. 2018 மே 2ஆம் நாள் இரவில் ராஜஸ்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றவை இவ்வகைப் புயல்களே. ஈராக்கிலும் வளைகுடாவிலும் கோடையில் வீசும் ‘ஷமால்’ காற்றும் புழுதியைக் கொண்டுவரும். ஆனால் அதற்கு மதில் இல்லை, இடியும் இல்லை. மெல்ல மங்கலாகி, நாள்கணக்கில் நீடிக்கும். இரண்டும் புழுதிப்புயல் என்று எழுதப்பட்டாலும், ஹபூபுக்கு ஒரு மணி நேரம் ஒதுங்கினால் போதும். ஷமாலுக்கு அவ்வாறு ஒதுங்கிப் பயனில்லை.

டொர்னேடோ இவ்விடிமுகிலின் வயிற்றிலேயே பிறக்கிறது. ஆகவே அதைக் கால்பைசாகியிலிருந்து பிரிப்பது கடினம். முகிலிலிருந்து இறங்கும் சுழல்தூண் மழைத்திரையில் மறைந்துவிடுவதும் உண்டு. கடந்த பின்னர் சிதைவைப் பார்த்தே பல வேளைகளில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அழிவு குறுகிய பட்டையாக நீண்டு, அதன் ஓரத்துக்கு அப்பால் கூரைகூடக் கலையாமல் இருந்தால் அது டொர்னேடோ. விழுந்த மரங்கள் அப்பட்டையின் நடுவை நோக்கிச் சாய்ந்து குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும். கீழே விழுந்து பரவிய காற்றாயின், மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் விரிந்தாற்போல் சாய்ந்திருக்கும். இந்த இரண்டாம் வகையைத் தனித்து இனங்கண்டவர் சிகாகோவில் பணியாற்றிய டெட்சுயா ஃபுஜிதா. 1974இல் அமெரிக்கக் காடுகளில் நட்சத்திர வடிவில் விழுந்திருந்த மரங்களை வானூர்தியிலிருந்து கண்டபோது, 1945இல் நாகசாகியில் அணுகுண்டுக்குப் பின் தாம் ஆராய்ந்த சிதைவின் வடிவம் அவருக்கு நினைவில் எழுந்தது.

கடற்புயல் இவ்விரண்டினும் முற்றிலும் வேறானது. அது வெதுவெதுப்பான கடலில் பல நாள் உருவாகி, பல நூறு கிலோமீட்டர் அகன்று, நடுவில் அமைதியான கண்ணோடு வருகிறது. வங்கக்கடலில் அதற்குரிய பருவங்கள் இரண்டு: பருவமழைக்கு முன்னர் ஏப்ரல், மே, பின்னர் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மையத்தை அண்டி இடி குறைவு. வெளிப்புற மேகப் பட்டைகளில் உண்டு. இப்போது பாக்லாவின் குறிப்பை மீண்டும் படித்துப் பார்க்கலாம். இடி இருப்பதால் கால்பைசாகியோ என்று ஐயுறத் தோன்றும். ஆனால் நாலரை மணி நேரக் கொந்தளிப்பு கால்பைசாகிக்கு மிக அதிகம். ஒரு சர்க்கார் முழுவதும் அழிந்திருப்பது டொர்னேடோவுக்கு மிக அகலம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் நிலத்தின்மேல் ஏறியிருக்கிறது. இதைக் கடற்புயல் ஒன்றே செய்யும். அபுல் ஃபஸ்ல் பெயர் சொல்லாமல் விட்டுச்சென்றதை அவர் குறித்த கால அளவே நமக்குச் சொல்லிவிடுகிறது.

இவ்வளவு எளிதாகப் பிரிக்க இயலாதவையும் உள. 1737 அக்டோபர் 11இல் கல்கத்தாவில் நேர்ந்த அழிவு நெடுங்காலம் உலகின் கொடிய நிலநடுக்கங்களுள் ஒன்றாகவே பட்டியல்களில் இடம்பெற்று வந்தது. மூன்று இலட்சம் பேர் இறந்தனர், இருபதாயிரம் கலங்கள் அழிந்தன என்று இலண்டன் இதழொன்று எழுதியதே அதற்குக் காரணம். 1994இல் ரோஜர் பில்ஹம் என்ற புவியியல் அறிஞர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைத் தேடிப் படித்தார். அவற்றில் புயலும் வெள்ளமும் இருந்தன, நிலநடுக்கம் இல்லை. நகரில் இறந்தோர் மூவாயிரம் என்றிருந்தது. அன்றைய கல்கத்தாவில் மூன்று இலட்சம் மக்களே கிடையாது! மாதம் அக்டோபர், ஆறு கரைமீறியது, கப்பல்கள் தரையில் ஏறிக்கிடந்தன. இவை அனைத்தும் கடற்புயலின் முத்திரைகள். மாதத்தைக் கவனித்திருந்தாலே ஐயம் எழுந்திருக்க வேண்டும். ஆயினும் இரண்டரை நூற்றாண்டு எவரும் அசையவில்லை. அச்சிட்ட எண்ணுக்கு நாம் தரும் மதிப்பு அத்தகையது.

கடற்புயலுக்குத் தனிப்பெயர் கிடைத்ததும் கல்கத்தாவில்தான். முன்னாள் கப்பல் தலைவரான ஹென்றி பிடிங்டன், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் கட்டுரைகள் எழுதினார். ஒரே நேரத்தில் வெவ்வேறு கப்பல்கள் எந்தத் திசைக் காற்றைப் பதிந்தன என்பதைக் கடல் வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், காற்று சுருண்ட பாம்புபோல் வளைந்திருப்பது தெரிந்தது. கிரேக்கத்தில் பாம்பின் சுருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரைப் படைத்து, 1848இல் வெளியிட்ட மாலுமிகளுக்கான கையேட்டில் அதை வழங்கினார். கொம்பைச் சீவிச் செய்த ஒளிபுகும் தகடுகளில் காற்றின் வட்டத்தை அச்சிட்டு அந்நூலோடு இணைத்தார். தகட்டை வரைபடத்தின்மேல் வைத்து நகர்த்தினால், தன் கலம் புயலின் எப்பக்கத்தில் இருக்கிறதென்று மாலுமி அறிந்துகொள்ளலாம். 1853இல் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டும் திட்டம் எழுந்தபோது, ஒருநாள் புயலும் கடலும் சேர்ந்து அதை அடித்துச் செல்லும் என்று தலைமை ஆளுநருக்கு அவர் எழுதினார். துறைமுகம் கட்டப்பட்டது. பிடிங்டன் 1858இல் இறந்தார். 1867 நவம்பரில் புயல் வந்து கானிங் துறைமுகத்தைச் சிதைத்தது.

காற்று வட்டமாகச் சுழல்கிறது என்பதிலிருந்து, கரையில் நிற்பவர் கருவி எதுவும் இல்லாமல் அறியக்கூடியவை பல. நம் வடகோளப் பகுதியில் அது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். நம் சோழமண்டலக் கரைக்குக் கிழக்கிலிருந்து புயல் நெருங்கும்போது முதலில் வாடை வலுக்கிறது. வாடை கொண்டலாகத் திரும்பினால் மையம் நமக்குத் தெற்கே கடக்கிறது. கடற்காற்று நம்மீது வீசுவதால் அலையும் நம்மீது ஏறும். வாடை கோடையாகத் திரும்பினால் மையம் வடக்கே. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். திசை மாறாமல் வாடையே வலுத்துக்கொண்டு போனால் மையம் நம்மை நோக்கியே வருகிறது. பிறகு திடீரென அமைதி. வானம் வெளுக்கவும் கூடும். இதுவே கண். கால்பைசாகியில் இந்த அமைதி முடிவைக் குறிக்கும். கடற்புயலில் அது பாதிவழி. வீட்டைவிட்டு வெளியே வந்தவர்மீது தென்காற்று அதே வேகத்தில் எதிர்த்திசையிலிருந்து பாயும். இவ்வொரு வேறுபாட்டை அறியாமையால் இறந்தோர் எத்தனை பேரோ!

நம் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளும் இக்கணக்கின் மேல்தான் அமைந்தவை. 1864இல் கல்கத்தாவில் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட புயலும், அடுத்து வந்த ஒரிசாப் பஞ்சமும் தூண்ட, இந்திய வானிலைத் துறை 1875இல் நிறுவப்பட்டது. எண் கூடக்கூட ஆபத்துக் கூடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மை அன்று. 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு அபாயத்தைக் குறிப்பவை. துறைமுகத்தின் எப்பக்கமாகப் புயல் கடக்கும் என்பதே 5க்கும் 6க்கும் உள்ள வேறுபாடு. 7 என்றால் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. 8, 9, 10 ஆகியவற்றுக்கும் இதே முறை, அபாயம் மட்டும் பெரிது. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். கலத்தை எத்திசையில் செலுத்துவது என்று தலைவர் முடிவு செய்வதற்காக வகுத்த குறியீடு இது. கரையில் குடிசைக்குள் இருப்பவருக்காக வகுத்தது அன்று.

கரையில் இருப்பவரைக் கொல்வது பெரும்பாலும் காற்றன்று, நீர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் தனுஷ்கோடியில் தொடர்வண்டியைப் பயணிகளோடு கொண்டுசென்றதும் நீரே. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. அழுத்தம் அறுபது மில்லிபார் குறைந்தாலும் அரையாள் உயரத்தை எட்டாது. எஞ்சிய உயர்வெல்லாம் காற்று நீரைத் தள்ளிக் குவிப்பதால் வருவது. கடல் ஆழமாயின் தள்ளிய நீர் அடியில் திரும்பிப் போய்விடும். ஆழமற்ற கடலில் அதற்கு வழியில்லை. வங்கக்கடலின் வடமுனை ஆழமற்றது, புனல்போல் குறுகுவது, ஏற்றவற்றம் மிகுந்தது. அதன் முகத்துவாரத்தில் கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த வண்டல் தீவுகள். பாக்லா இருந்தது அங்கேதான். அந்நிலமே பின்னர் பாக்கர்கஞ்ச் மாவட்டமாயிற்று. 1876 அக்டோபர் 31 இரவில் தொடங்கிய புயலில் அங்கே ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் நீரில் மாண்டனர். அதைத் தொடர்ந்த காலராவில் மேலும் அத்தனை பேர். 1970இல் அழிந்த போலாத் தீவும் அதன் ஒரு பகுதியே. மூன்று நூற்றாண்டுகளில் ஒரே மண்ணில் ஒரே வகைப் புயல்.

1970இல் புயல் வருவது தெரியாமல் இல்லை. செயற்கைக்கோள் அதைக் கண்டது, வானொலி அறிவித்தது. ஆனால் துறைமுகக் குறியீட்டு எண்களைத் தீவுகளின் உழவர் எவ்வாறு விளங்கிக்கொள்வர்? வருவது காற்றா கடலா என்பதை அந்த எண் அவர்களுக்குச் சொல்லவில்லை. காற்றுக்குத் தாழ்ந்த குடிசையே பாதுகாப்பு, கடலுக்கு அதுவே மரணப்பொறி. 1972இல் வங்கதேச அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் எண்ணை விட்டுக் கொடியைக் கையாண்டது. ஊர்த் தொண்டர்கள் ஒன்று முதல் மூன்று வரை கொடிகளை ஏற்றுவர். ஒலிபெருக்கியோடு வீடுவீடாகச் செல்வர். ஆயினும் 1991 ஏப்ரல் 29இல் சட்டகிராம் கரையில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். உயரக் கட்டிய புகலிடங்கள் அப்போது போதவில்லை. அவை பெருகிய பின்னர், 2007இல் வந்த சித்ர் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400.

கால்பைசாகிக்குக் கொடி ஏற்றுவதில்லை. ஏற்றுவதற்கு நேரமும் இருப்பதில்லை. மேக்னா ஆற்றின் படகோட்டி பைசாக் மாதத்துப் பிற்பகலில் வடமேற்கை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். அங்கே கருமை திரண்டு காற்று நின்றுபோனால் பாயை இறக்கி, படகை ஓடைக்குள் செலுத்திக் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்.